கல்லாறு தாண்டினால் தெரியும்

வித்துராவில் பழைய கார் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஆசைக்காகத் தேடுவதில்லை. நெடுமங்காடு தாண்டி, பொன்முடி மலை ஏறுவதற்கு முன்னால் வருகிற கடைத்தெரு ஊர் இது. இங்கிருந்து ஒரு சாலை கல்லாற்றைக் கடந்து பொன்முடிக்குப் போகிறது. இன்னொன்று காட்டுக்குள் புகுந்து போணக்காடு தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறது. அந்தத் தோட்டத்து லயம் என்கிற வரிசை வீடுகளில்தான் எங்கள் ஆட்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். கொழுந்து பறிக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் அதன் நேரத்துக்கு வரும், அதன் நேரத்துக்குப் போகும். நடுராத்திரியில் மூச்சு முட்டினால், பிரசவ வலி எடுத்தால் வீட்டில் ஒரு வண்டி வேண்டும். புது வண்டிக்குப் பணம் இல்லாதவர்கள் பழைய வண்டிதான் வாங்குவார்கள்.

அந்த வண்டிகளை நான் அடியில் படுத்துத்தான் படித்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் பள்ளிக்கூடம் முடித்து, தோட்டத்திலிருந்து இறங்கி, வித்துராவில் ஒரு வொர்க்‌ஷாப்பில் எடுபிடியாகச் சேர்ந்தேன். அதை நடத்தியவரை ஊரே ஆசான் என்று கூப்பிட்டது. நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் மலையாளத்தில் சொல்வார், நான் தமிழில் பதில் சொல்வேன். ரிப்பேர் வேலையில் அவருக்குப் பெயர் உண்டு. அதைவிடப் பெரிய பெயர், பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு வண்டி பார்த்துச் சொல்வதில். அதற்கு அவர் கூலி வாங்கியதில்லை. "இவன் கையில இருக்கிறது ஒரு தடவைதான் கிடைக்கிற காசு. அது வீணாப் போகக் கூடாது, மக்களே" என்பார்.

அப்படி ஒரு தடவை கிடைத்த காசோடு வந்தவர் என் பெரியப்பா. அப்பாவோடு தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரியம்மாவுக்கு இளைப்பு. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையிலும் துலா மாதத்து வடகிழக்குப் பருவமழையிலும் மலை முழுக்க ஈரம் ஏறி நிற்கும்போது அவருக்கு ராத்திரிகள் பெரும்பாடு. ஜீப்புக்கு ஆள் அனுப்பி, அது வந்து சேர்ந்து, வித்துரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருவதற்குள் உயிர் கையில் இருக்காது. மகனுக்கு ஓட்டத் தெரியும். ஒரு கார் வாங்கிவிடுவது என்று பெரியப்பா முடிவு செய்தார். "ஆசான் பார்த்துச் சரின்னு சொன்னாத்தான் நான் அட்வான்ஸ் குடுப்பேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டார்.

முதலில் வந்தது ஓர் அம்பாசிடர். மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 1958 முதல் 2014 வரை தயாரான வண்டி. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடியொற்றியது. பின் சீட்டில் ஒரு நோயாளியைப் படுக்க வைத்துக் கொண்டுபோகலாம் என்பதால் பெரியப்பாவுக்கு அதன்மேல் மிகுந்த விருப்பம். வெள்ளைப் பெயின்ட் கண்ணாடியாக மின்னியது. ஆசான் பெயின்ட்டைப் பார்க்கவே இல்லை. முன் கதவைத் திறந்து, தரையில் விரித்திருந்த மேட்டைத் தூக்கினார். அடியில் சணல் விரிப்பு ஈரமாக இருந்தது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் தரைத் தகட்டில் லேசாக அழுத்தினார். அது உள்ளே இறங்கிக் கீழே மண் தெரிந்தது. பிறகு ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்து, கதவுகளுக்குக் கீழே ஓடும் பட்டையில் வைத்துக்கொண்டே வரச் சொன்னார். சில இடங்களில் பிடித்தது, பல இடங்களில் வழுக்கி விழுந்தது. விழுந்த இடமெல்லாம் தகடு இல்லை, பட்டி பூசி மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோது புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தது. "பழைய வண்டிக்கு அடியில புதுக் கறுப்பு இருந்தா, என்னத்தையோ மூடியிருக்காங்கன்னு அர்த்தம்" என்றார் ஆசான்.

லாரிக்கும் ஜீப்புக்கும் சேஸிஸ் தனி. அதன்மேல் உடம்பு உட்கார்ந்திருக்கும். அம்பாசிடரிலும் அதற்குப் பின் வந்த கார்களிலும் உடம்பே சேஸிஸ். கதவுக்குக் கீழே ஓடும் அந்தப் பட்டை துருப்பிடித்தால் வண்டியின் முதுகெலும்பே துருப்பிடித்ததாகும். எஞ்சினைப் பிரித்துச் சேர்க்கலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். இத்துப்போன உடம்பைச் சரிசெய்ய ஆகும் செலவில் இன்னொரு வண்டியே வாங்கிவிடலாம். அதனால்தான் ஆசான் எந்த வண்டியிலும் பானெட்டைத் திறக்கும் முன்பு துருவைத் தேடுவார். அந்த அம்பாசிடரின் முன் சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டச் சொன்னார். சக்கரம் கையோடு ஆடியது. அந்த வண்டிக்கு முன்பக்கம் அங்கங்கே கிரீஸ் நிப்பிள் உண்டு. ஒழுங்காகக் கிரீஸ் அடிக்காமல் விட்டால் மூட்டுகள் தேய்ந்து இப்படித்தான் ஆடும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலேயே அந்த வண்டியை அவர் திருப்பி அனுப்பினார்.

அடுத்துப் பார்த்தவை மாருதி 800. 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்ற வண்டி. மூன்று சிலிண்டர், 796 சி.சி. எடை குறைவு, உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும் என்பதால் மலைப்பக்கத்துக் குடும்பங்கள் அதிகம் விரும்பி வாங்கியது அதைத்தான். அதன் பெரிய வியாதி சூடு. சிலிண்டர் ஹெட் அலுமினியம். ஒருமுறை தண்ணீர் இல்லாமல் கொதித்தால் வளைந்துவிடும், ஹெட் கேஸ்கெட் போய்விடும். எங்கள் பக்கத்தில் ரேடியேட்டருக்கு கூலன்ட் ஊற்றுகிறவர்கள் குறைவு. ஓடையில் ஓடும் தண்ணீரை பாட்டிலில் பிடித்து ஊற்றுவார்கள். அந்தத் தண்ணீரால் உள்ளே துருவும் சேறும் படிந்து குழாய்கள் அடைபடும். வண்டி கொதித்ததும், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்கிற மெக்கானிக்குகளும் உண்டு. அதனால் அடைப்பு போவதில்லை. வேண்டிய சூட்டுக்கு வராமல் ஓடி எஞ்சின் தேய்வதுதான் மிச்சம்.

ஆசான் வண்டி பார்க்க எப்போதும் காலையில்தான் போவார். ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதை நாம் பார்க்கக் கூடாது என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். அப்படி இருந்தால் "நாளைக்கு வர்றோம்" என்று சொல்லித் திரும்பிவிடுவார். குளிர்ந்திருந்தால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பார். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தால், அல்லது ஸ்டார்ட் செய்ததும் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. எஞ்சின் ஆயில் மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் மாதிரி ஒட்டியிருந்தாலும் அதையே சந்தேகப்பட வேண்டும். ஆனால் இங்கே ஒரு நுட்பம் சொல்லித் தந்தார். வித்துரா போன்ற ஈரமான ஊரில், கடைத்தெரு வரைக்கும் மட்டும் போய்வருகிற வண்டியில் நீராவி படிந்தும் அப்படி வெண்ணெய் ஒட்டும். அதனால் மூடியை மட்டும் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. ரேடியேட்டர், டிப் ஸ்டிக், வெள்ளைப் புகை எல்லாம் சேர்ந்து ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து, அங்கிருந்து புகை குபுகுபுவென்று அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. பேக் கம்ப்ரஷன் என்று வொர்க்‌ஷாப்பில் சொல்வது இதைத்தான். சந்தேகமாக இருந்தால் பிளக்கைக் கழற்றி, கம்ப்ரஷன் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டராகப் பார்ப்போம். குறைவாகக் காட்டுகிற சிலிண்டரில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்ப்போம். இப்போது அளவு ஏறினால் குற்றம் ரிங்கில். ஏறாவிட்டால் வால்வில். வால்வு என்றால் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். ரிங் என்றால் எஞ்சினையே இறக்க வேண்டும். செலவில் பெரிய வித்தியாசம். விலை பேசுவதற்கு முன்னால் இது தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவும் நின்ற இடத்தில் செய்கிற சோதனை. ஆசானுக்கு அது பாதிதான். "கல்லாறு தாண்டினால் தெரியும்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாக்கு. கல்லாற்றுக்கு அப்பால்தான் பொன்முடிச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன, மொத்தம் 22. நெடுமங்காடு சாலையில் நன்றாக ஓடுகிற வண்டி இங்கே தன் உண்மையான குணத்தைக் காட்டும். ஏற்றத்தில் மூன்றாம் கியரில் போகும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தச் சொல்வார். எஞ்சின் இரைச்சல் ஏறி, வண்டி வேகம் ஏறாமல் நின்றால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. ஏறும்போது பின்னால் நீலப் புகை விடாமல் வந்தால் ரிங். இரண்டாம் கியருக்கு இறக்கும்போது கரகரவென்று கடித்தால் சின்க்ரோனைசர் தேய்ந்திருக்கிறது; மலையில் ஓடிய வண்டிகளில் முதலில் தேய்வது பெரும்பாலும் அதுதான். வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது முன் சக்கரத்திலிருந்து கட்கட்கட் என்று சத்தம் வந்தால் ஆக்ஸில் மூட்டு போயிருக்கிறது. அதன்மேல் இருக்கும் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியே தெறித்து, சேறு உள்ளே போனதால் வரும் குற்றம் அது.

இறக்கம் இன்னும் கண்டிப்பான பரீட்சை. இரண்டாம் கியரில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, எஞ்சின் பிடியிலேயே நெடுக இறங்கி வந்து, கீழே சாலை சமமானதும் ஆக்ஸிலேட்டரை அழுத்த வேண்டும். பின்னால் போகிறவர் பார்க்க வேண்டும். அந்த வேலை எனக்கு. மோட்டார் சைக்கிளில் பின்னால் போய்க்கொண்டிருப்பேன். அழுத்திய நொடியில் ஒரு மூச்சு நீலப் புகை வந்து மறைந்தால் வால்வு கைடும் வால்வு சீலும் தேய்ந்திருக்கின்றன. கால் எடுத்திருக்கும்போது எஞ்சின் உள்ளே உறிஞ்சும் விசை அதிகம். தேய்ந்த சீல் வழியாக ஆயிலை இழுத்துக்கொள்ளும். அழுத்தும்போது அது எரியும். சமவெளியில் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் இது தெரியாமல் போகலாம். அதே இறக்கத்தில் கியர் தானாகத் தெறித்து நியூட்ரலுக்கு வருகிற வண்டிகளும் உண்டு. மலையில் எஞ்சின் பிடி போனால் மிஞ்சுவது பிரேக் மட்டும்தான். அப்படிப்பட்ட வண்டியை ஆசான் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க விடமாட்டார்.

பிரேக்கைப் பற்றி அவர் பேசும்போது குரல் மாறும். நின்ற வண்டியில் பெடலை அழுத்தி ஒரு நிமிஷம் அப்படியே வைத்திருக்கச் சொல்வார். பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் உள்ளே கசிகிறது. சக்கரத்தின் உட்பக்கம் ஈரமாக இருந்தால் வீல் சிலிண்டர். பிரேக் ஆயில் பால் ஊற்றாத கட்டன்சாயா நிறத்தில் இருந்தால் பல வருஷமாக யாரும் மாற்றவில்லை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உள்ளது. டாட் 3 வகைக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அது 140 வரை இறங்கலாம். பொன்முடியிலிருந்து பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் அந்தச் சூடு வந்துவிடும். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். ஆவியை அழுத்தலாம், பிரேக் பிடிக்காது. கால் அப்படியே தரைக்குப் போய்விடும். மழை ஊரில் பழைய வண்டி வாங்கியதும் முதல் வேலையாக பிரேக் ஆயிலை முழுக்க மாற்ற வேண்டும் என்று அவர் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

பெரியப்பாவுக்காகப் பார்த்த மாருதிகளில் ஒன்று ரேடியேட்டரில் தோற்றது, ஒன்று இறக்கத்தில் புகை விட்டது. கடைசியில் ஆசான் தலையசைத்த வண்டியின் பெயின்ட் மங்கிப் போயிருந்தது. பம்பர் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. ஆனால் மேட்டுக்கு அடியில் தகடு கெட்டியாக இருந்தது, காந்தம் எங்கும் பிடித்தது, ஏற்றத்திலும் இறக்கத்திலும் எஞ்சின் சுத்தமாக ஓடியது. முன் ஆக்ஸில் மூட்டில் சத்தம் இருந்தது; பிரேக் ஹோஸ்கள் வெடித்திருந்தன; டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று விற்கிறவருக்கே தெரியவில்லை. ஆசான் அவற்றை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவைப் பக்கத்தில் போட்டு, விற்கிறவர் கையில் கொடுத்தார். சத்தம் போட்டு விலை பேசவில்லை. அந்தத் தொகை விலையில் குறைந்தது.

பிறகு பெரியப்பாவிடம் அவர் சொன்னதை நான் இன்றுவரை எல்லோருக்கும் சொல்கிறேன். "கையில இருக்கிறது முழுக்க வண்டிக்குக் குடுக்காதீங்க அண்ணாச்சி. நாலுல ஒரு பங்கை மாத்தி வையுங்க. முதல் மழைக்கு முன்னாடி அது வேணும்." அந்தப் பணத்தில் ஆக்ஸில் மூட்டு, ஹோஸ், பிரேக் ஆயில், டைமிங் பெல்ட், கூலன்ட், நாலு டயரில் இரண்டு என்று செய்தோம். அந்தத் துலா மாதத்தில் ஒரு ராத்திரி பெரியம்மாவுக்கு இளைப்பு முற்றியது. வித்துராவில் முதலுதவி பார்த்து, நெடுமங்காட்டுக்கு அனுப்பினார்கள். கொட்டுகிற மழையில் காட்டுச் சாலை முழுக்க அந்த வண்டிதான் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மறுநாள் காலையில் பெரியம்மா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார்.

வொர்க்‌ஷாப்பை விட்டு வந்தபிறகும் ஊர்க்காரர்கள் வண்டி பார்க்க என்னைக் கூப்பிடுகிறார்கள். வண்டிகள் மாறியிருக்கின்றன, குற்றங்களும் கொஞ்சம் மாறியிருக்கின்றன. கார்புரேட்டர் போய் எலக்ட்ரானிக் வந்தபின், சாவியை ஆன் செய்ததும் டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கும் ஆயில் விளக்கும் எரிகின்றனவா என்று முதலில் பார்க்கிறேன். எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால், குற்றத்தை மறைக்க பல்பைக் கழற்றியிருக்கலாம். கிலோமீட்டர் குறைவாகக் காட்டுகிற வண்டியில் பெடல் ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருந்தால் மீட்டரை நம்ப வேண்டாம்.

2015 டிசம்பரில் சென்னையிலும் 2018 ஆகஸ்டில் கேரளத்திலும் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் ஏராளம். அவற்றைக் கழுவித் துடைத்து வேறு ஊர்களில் விற்கிறவர்கள் உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். தண்ணீர் நின்ற கறை அங்கே தெரியும். சீட்டின் அடியில் ஓடும் கம்பியில் வண்டல் இருக்கும். ஹெட்லைட்டுக்குள் மூடுபனி நிற்கும். வெள்ளத்தில் நின்ற வண்டியின் வயரிங் வருஷக்கணக்கில் படுத்தும்.

பெட்ரோலும் மாறிவிட்டது. 2023 முதல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நாட்டில் படிப்படியாக வந்தது. பழைய வண்டியின் பெட்ரோல் ஹோஸும் கார்புரேட்டர் கேஸ்கெட்டும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. இறுகி வெடிக்கும், கசியும். எத்தனாலும் ஈரத்தை இழுக்கும். அதனால் வாங்கியதும் எரிபொருள் ரப்பர்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடச் சொல்கிறேன். விலை சொற்பம். கசிந்த பெட்ரோல் சூடான எஞ்சின்மேல் சொட்டினால் நடப்பது பெரிது.

காகிதமும் வண்டியின் ஒரு பாகம்தான். காரின் பதிவு 15 வருஷத்துக்கு. அதன்பின் தகுதிச் சோதனை செய்து ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ரூபாய் ஆனது. பதினான்கு வருஷ வண்டியை மலிவாகத் தருகிறார்கள் என்றால் அடுத்த வருஷச் செலவையும் கூட்டிப் பாருங்கள். மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கத்திலிருந்து தமிழ்நாட்டு நம்பர் வண்டி வாங்கிக் கேரளத்தில் வைத்துக்கொள்கிறவர்கள், 12 மாதத்துக்குமேல் இங்கே நின்றால் இங்கே பதிவு செய்தாக வேண்டும். அதற்குத் தடையில்லாச் சான்றும் வரியும் உண்டு. ஆர்.சி. புத்தகத்தில் கடன் பதிவு இருந்தால், அது நீங்கிய பிறகே பணம் கொடுங்கள்.

பழைய வண்டி என்றால் குற்றம் இருக்கும். குற்றமே இல்லை என்று சொல்கிறவரிடம் வாங்க வேண்டாம். என்ன குற்றம், அதைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும், அது ஆளைக் கொல்லக்கூடிய குற்றமா என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்த பிறகு வாங்குங்கள். உடம்பில் துரு, பிரேக், ஸ்டியரிங், கியர் தெறிப்பது ஆகியவற்றில் சமாதானம் கூடாது. மற்றதெல்லாம் பணத்தோடு முடிந்துவிடும். ஒரு நல்ல மெக்கானிக்குக்கு ஒரு நாள் கூலி கொடுத்துக் கூட்டிக்கொண்டு போங்கள். குளிர்ந்த எஞ்சினைக் காலையில் ஸ்டார்ட் செய்து, ஓர் ஏற்றத்தில் ஏற்றி, ஓர் இறக்கத்தில் இறக்கிப் பார்க்காமல் யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அந்த வண்டியில் ராத்திரி ஏறப்போகிறவர் உங்கள் வீட்டு நோயாளி.